வலையமைப்புக் கணினிகளில் நிரற்கோப்பு இற்றைப்படுத்தல்

வலையமைப்புக் கணினிகளில் நிரற்கோப்பு இற்றைப்படுத்தல் என்பது, ஓர் அலுவலகத்திலோ பல ஊர்களில் பரவியுள்ள அலுவலகங்களிலோ இயங்கும் கணினிகள் அனைத்திலும் ஒரு மென்பொருளின் பழைய கோப்புகளை நீக்கி, புதிய பதிப்பின் கோப்புகளை முறையாகக் கொண்டுசேர்க்கும் செயற்பாடு ஆகும். ஒரு கணினியில் ஒரு கோப்பைப் படியெடுப்பது எளிய செயல். அதே கோப்பை நூறு கணினிகளில், ஒன்றுகூட விடுபடாமல், பணி தடைப்படாமல், குறித்த நாளுக்குள் சேர்ப்பது தனியொரு தொழினுட்பத் துறையாகவே வளர்ந்துள்ளது.

இக்கட்டுரை இச்செயற்பாட்டின் அடிப்படைகளை விளக்குகிறது. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களிலுள்ள அரசு அலுவலகங்களின் சூழல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

தேவை

மென்பொருளின் புதிய பதிப்பு பின்வரும் காரணங்களுள் ஒன்றாலோ பலவற்றாலோ தேவைப்படுகிறது.

* வழு நீக்கம்: நிரலில் கண்டறியப்பட்ட பிழைகளைத் திருத்துதல்.
* பாதுகாப்பு: தீநிரல்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைத்தல்.
* விதி மாற்றம்: வரி, கட்டணம், படிவம் ஆகியவை அரசாணையால் மாறும்போது நிரலையும் மாற்றுதல்.
* புதிய வன்பொருள்: அச்சுப்பொறி, வருடி, விரல்ரேகைப் பொறி போன்றவற்றுக்கான இயக்கிகளைச் சேர்த்தல்.

இவற்றுள் விதி மாற்றமே அலுவலக மென்பொருள்களுக்கு மிகுந்த நெருக்கடியைத் தருவது. பாதுகாப்புத் திருத்தத்தை ஓரிரு நாட்கள் தள்ளிப்போட்டால் ஆபத்து கூடும் எனினும், கணக்கு தவறாகாது. கட்டண மாற்றமோ ஒரு குறிப்பிட்ட நாளின் காலையில் எல்லா அலுவலகங்களிலும் ஒரே வேளையில் நடைமுறைக்கு வரவேண்டும்.

எடுத்துக்காட்டு: 2017 பதிவுக்கட்டண மாற்றம்

9 சூன் 2017 அன்று தமிழ்நாட்டில் நிலத்தின் வழிகாட்டி மதிப்பு 33% குறைக்கப்பட்டது. அதே நாளில் கிரய ஆவணங்களுக்கான பதிவுக்கட்டணம் 1%இலிருந்து 4%ஆக உயர்த்தப்பட்டது. முத்திரைத்தீர்வையும் மாற்றுத்தீர்வையும் சேர்ந்து 7% என்பதில் மாற்றமில்லை. அதாவது, ஒரே நாளில் இரண்டு தரவுகள் சேர்ந்தே மாறின.

பழைய வழிகாட்டி மதிப்பில் 10,00,000 ரூபாய் பெறும் ஒரு மனையை எடுத்துக்கொள்வோம்.

* பழைய மதிப்பு, பழைய கட்டணம்: 10,00,000 ரூபாய்க்கு 8%, அதாவது 80,000 ரூபாய்.
* புதிய மதிப்பு, புதிய கட்டணம்: 6,70,000 ரூபாய்க்கு 11%, அதாவது 73,700 ரூபாய்.
* பழைய மதிப்பு, புதிய கட்டணம்: 10,00,000 ரூபாய்க்கு 11%, அதாவது 1,10,000 ரூபாய்.
* புதிய மதிப்பு, பழைய கட்டணம்: 6,70,000 ரூபாய்க்கு 8%, அதாவது 53,600 ரூபாய்.

முதலிரண்டும் அந்தந்த நாளின் விதிப்படி சரியானவை. பின்னிரண்டும் எந்த விதியின்படியும் சரியல்ல. மதிப்பு அட்டவணையும் கட்டண நிரலும் தனித்தனிக் கோப்புகளாக உள்ள ஒரு மென்பொருளில், இரண்டில் ஒன்று மட்டும் ஒரு கணினிக்குச் சென்றுசேர்ந்தால் இத்தகைய தொகை வரும். மனை வாங்குபவர் 36,300 ரூபாய் கூடுதலாகச் செலுத்துவார், அல்லது அரசுக்கு 20,100 ரூபாய் குறையும். எனவே ஒன்றையொன்று சார்ந்த கோப்புகள் அனைத்தும் சேர்ந்து மாறவேண்டும், இல்லையேல் ஒன்றுமே மாறக்கூடாது. இது இத்துறையின் முதன்மை விதியாகும். 1 ஏப்ரல் 2023 அன்று வழிகாட்டி மதிப்பு 2017க்கு முந்தைய அளவுக்கு உயர்த்தப்பட்டுப் பதிவுக்கட்டணம் 2%ஆகக் குறைக்கப்பட்டபோதும் இதே இரட்டை மாற்றம் நிகழ்ந்தது.

விழுப்புரம், திண்டிவனம் அலுவலகச் சூழல்

விழுப்புரம் மாவட்டம் 30 செப்டம்பர் 1993 அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. 26 நவம்பர் 2019 அன்று இதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது. மாவட்டத் தலைமையிடம் விழுப்புரம். அங்கிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் திண்டிவனம் உள்ளது. திண்டிவனம் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமும் ஆகும். பதிவுத்துறையின் அமைப்பில் விழுப்புரமும் திண்டிவனமும் தனித்தனிப் பதிவு மாவட்டங்களாக உள்ளன. ஆகவே, ஒரே வருவாய் மாவட்டத்துக்குள் இருந்தாலும், துறைக்குத் துறை கணினிகளின் நிருவாக எல்லை வேறுபடுகிறது.

தமிழ்நாடு பதிவுத்துறையின் கணினிமயமாக்கத் திட்டமான 'ஸ்டார்' 2000ஆம் ஆண்டு தொடங்கியது. இதன் மென்பொருளைத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியது. வட்டாட்சியர் அலுவலகங்களில் நில ஆவணங்களைப் பேணும் 'தமிழ் நிலம்' மென்பொருளும் அம்மையத்தின் உருவாக்கமே. இத்தகைய தொடக்ககால மென்பொருள்களில், அலுவலகத்துக்குள்ளேயே ஒரு வழங்கியும் அதனுடன் இணைந்த சில வாங்கிக் கணினிகளும் இருப்பது வழக்கம். இந்த அமைப்பில் ஒவ்வோர் அலுவலகமும் ஒரு தீவு போன்றது. புதிய பதிப்பு வந்தால் அதை ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியே கொண்டுசெல்ல வேண்டும்.

மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்புகளுக்கான நடுவண் அரசுத் திட்டம் 2005இல் ஒப்புதல் பெற்றது. தமிழ்நாட்டில் இது எல்காட் நிறுவனம் வழியாகச் செயற்படுத்தப்பட்டது. மாநிலத் தலைமையிடம், மாவட்டத் தலைமையிடம், வட்டம் அல்லது ஒன்றியம் என்னும் மூன்று நிலைகளில் இவ்வலையமைப்பு கிளைத்துச் செல்கிறது. இவ்வமைப்பின்படி சென்னையிலிருந்து வெளியிடப்படும் கோப்பு விழுப்புரத்தை அடைந்து, அங்கிருந்து திண்டிவனம் போன்ற கீழ்நிலை முனைகளுக்குச் செல்ல இயலும்.

பரவல் முறைகள்

நேரில் நிறுவுதல்

நெகிழ்வட்டு, குறுந்தகடு அல்லது விரலி நினைவகத்தில் கோப்பை எடுத்துச் சென்று ஒவ்வொரு கணினியிலும் நிறுவும் முறை இது. வலையமைப்பு இல்லாத இடங்களுக்கு இதுவே வழி. ஊருக்கு ஊர் செல்லும் நேரமும், எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு உள்ளது என்பதற்குப் பதிவு இல்லாமையும் இதன் குறைகள். விரலி நினைவகம் வழியே நச்சுநிரல் பரவுவதும் உண்டு.

பகிர்வு அடைவு

வழங்கியின் பகிர்வு அடைவில் புதிய கோப்பு வைக்கப்படும். பயனர் கணினியில் நுழையும்போது இயங்கும் ஒரு சிறு நிரல், தன்னிடமுள்ள பதிப்பு எண்ணை வழங்கியிலுள்ள எண்ணுடன் ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் படியெடுக்கும். செலவில்லாத, எளிய முறை. இருபது கணினிகள் வரை கொண்ட அலுவலகங்களுக்கு இது போதுமானது.

தள்ளல், இழுத்தல்

நடுவண் வழங்கி தானே முன்வந்து ஒவ்வொரு கணினிக்கும் கோப்பை அனுப்புவது தள்ளல் முறை. ஒவ்வொரு கணினியும் குறித்த இடைவெளியில் வழங்கியைக் கேட்டுப் பெறுவது இழுத்தல் முறை. தள்ளல் முறையில் அவ்வேளையில் அணைக்கப்பட்டிருந்த கணினிகள் விடுபட்டுவிடும். இழுத்தல் முறையில் அவை மீண்டும் இயங்கியதும் தாமே கேட்டுப் பெற்றுக்கொள்ளும். இரவில் கணினியை அணைத்துவிடும் வழக்கமும் மின்தடையும் உள்ள அலுவலகங்களுக்கு இழுத்தல் முறையே ஏற்றது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1994இல் இத்தகைய மேலாண்மைக்கான வழங்கி மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் குழுக் கொள்கை வழியாக மென்பொருள் நிறுவும் வசதி வந்தது. இயங்குதளத் திருத்தங்களை நிறுவனத்துக்குள்ளேயே வைத்து வழங்கும் டபிள்யூசஸ் என்னும் வழங்கி 2005இல் வெளியானது.

பொதிக் களஞ்சியம்

லினக்ஸ் உலகில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டு ஒரு களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. ஒரு பொதிக்கு வேறு எந்தப் பொதிகள் தேவை என்ற சார்புக் குறிப்பு அதனுள்ளேயே இருக்கும். டெபியன் இயங்குதளத்தின் ஆப்ட் கருவி 1998இல் அறிமுகமானது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இம்முறையையே பின்பற்றுகிறது. மாவட்டத் தலைமையிடத்தில் களஞ்சியத்தின் ஒரு படியை வைத்தால், கீழ்நிலை அலுவலகங்கள் அதிலிருந்தே பெற்றுக்கொள்ளலாம்.

பட்டையகலக் கணக்கு

கோப்பின் அளவு 40 மெகாபைட்டு, அலுவலகத்தில் 20 கணினிகள், வெளி இணைப்பின் வேகம் நொடிக்கு 2 மெகாபிட்டு எனக் கொள்வோம். ஒரு பைட்டு எட்டுப் பிட்டுகள் ஆதலால் கோப்பு 320 மெகாபிட்டு ஆகிறது. ஒரு படியை இறக்க 160 நொடிகள் தேவை. 20 கணினிகளும் தனித்தனியே வெளியிலிருந்து இறக்கினால் 3,200 நொடிகள், அதாவது 53 நிமிடங்களுக்கும் மேல் ஆகும். அந்நேரம் முழுவதும் இணைப்பு நிரம்பியிருப்பதால் பொதுமக்களுக்கான பணி ஏறத்தாழ நின்றுவிடும்.

மாறாக, ஒரு கணினி மட்டும் கோப்பை இறக்கி, மற்றவை நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள உள்ளக வலையமைப்பில் அதனிடமிருந்து பெற்றால், 160 நொடிகளுடன் மேலும் ஏறத்தாழ ஒரு நிமிடம் போதும். இவை கோட்பாட்டளவிலான நேரங்கள். நடைமுறையில் சற்றுக் கூடும், எனினும் விகிதம் மாறாது.

மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவது மற்றொரு வழி. 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராசு ஆகியோர் உருவாக்கிய ஆர்சிங்க் நிரல், இரு முனைகளிலும் உள்ள கோப்புகளைத் துண்டுகளாகப் பிரித்து, அவற்றின் சரிபார்ப்புத்தொகைகளை ஒப்பிட்டு, வேறுபடும் துண்டுகளை மட்டும் அனுப்புகிறது.

படிநிலைகள்

நன்கு திட்டமிடப்பட்ட ஓர் இற்றைப்படுத்தல் பொதுவாகப் பின்வரும் வரிசையில் நடைபெறும்.

1. கணக்கெடுப்பு: எத்தனை கணினிகள் உள்ளன, எவ்வியங்குதளம், எப்பதிப்பு என்பதைப் பட்டியலிடுதல்.
2. சோதனை: பயன்பாட்டில் உள்ளதை ஒத்த ஒரு கணினியில் நிறுவிப் பார்த்தல்.
3. முன்னோட்டம்: ஓர் அலுவலகத்தில் மட்டும் சில நாட்கள் இயக்குதல்.
4. காப்புப்படி: பழைய கோப்புகளையும் தரவுத்தளத்தையும் தனியே எடுத்துவைத்தல்.
5. பரவல்: சிறு குழுக்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புதல்.
6. சரிபார்ப்பு: ஒவ்வொரு கணினியும் புதிய பதிப்பு எண்ணைத் திருப்பி அறிவித்ததா எனப் பார்த்தல்.
7. பின்வாங்கல்: பழுது தெரிந்தால் பழைய பதிப்புக்குத் திரும்புதல்.

குழுக் குழுவாக அனுப்பும் ஐந்தாம் படி, ஒரே நாளில் நடைமுறைக்கு வரவேண்டிய விதி மாற்றத்துக்கு முரண்படுவதாகத் தோன்றலாம். இதற்கான தீர்வு, கோப்பைச் சேர்க்கும் நாளையும் அது செயற்படத் தொடங்கும் நாளையும் பிரிப்பதாகும். புதிய கட்டண அட்டவணை முன்கூட்டியே எல்லாக் கணினிகளையும் அடைந்திருக்கும். அதனுள் எழுதப்பட்ட நடைமுறை நாள் வரும்வரை நிரல் பழைய அட்டவணையையே பயன்படுத்தும். இம்முறையில் நடைமுறை நாள் வழங்கியின் கடிகாரத்தைக் கொண்டே கணிக்கப்படவேண்டும். தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்த பழைய கணினிகள் தவறான தேதியைக் காட்டுவது வழக்கம்.

தொழினுட்பச் சிக்கல்கள்

பயன்பாட்டிலுள்ள கோப்பு: விண்டோஸில் இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை மேலெழுத இயலாது. எனவே புதிய கோப்பு வேறு பெயரில் வைக்கப்பட்டு, கணினி மறுமுறை தொடங்கும்போது இடம் மாற்றப்படும். லினக்ஸில் பழைய கோப்பின் பெயரை நீக்கிப் புதியதை வைக்கலாம். எனினும், நிரலை மூடித் திறக்கும்வரை பழைய பதிப்பே நினைவகத்தில் இயங்கும்.

நூலக மோதல்: இரு மென்பொருள்கள் ஒரே டிஎல்எல் நூலகக் கோப்பின் வெவ்வேறு பதிப்புகளை எதிர்பார்க்கும்போது, ஒன்றை இற்றைப்படுத்தினால் மற்றது பழுதாகும். 1990களின் விண்டோஸ் கணினிகளில் இது பரவலாக இருந்தது.

பாதி இறங்கிய கோப்பு: இணைப்பு நடுவில் அறுந்தால் குறைக்கோப்பு எஞ்சும். இதைத் தவிர்க்கத் தற்காலிகப் பெயரில் முழுதும் இறக்கி, சரிபார்ப்புத்தொகை பொருந்தினால் மட்டுமே உரிய பெயருக்கு மாற்றவேண்டும்.

தரவுத்தள அமைப்பு: புதிய நிரல் புதிய புலம் ஒன்றை எதிர்பார்த்தால், முதலில் தரவுத்தளத்தில் அப்புலத்தைச் சேர்க்கவேண்டும். அது பழைய நிரலையும் பாதிக்காதவாறு இருக்கவேண்டும். ஏனெனில் சில மணி நேரமேனும் இரு பதிப்புகளும் ஒரே தரவுத்தளத்தை அணுகும்.

நீண்டநாள் விடுபட்ட கணினிகள்: 2024 நவம்பர் 30 இரவில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. இத்தகைய பேரிடர்களின்போது மின்சாரமும் இணைப்பும் பல நாட்கள் இல்லாமற்போகக்கூடும். பின்னர் இயங்கத் தொடங்கும் கணினி ஒரு பதிப்பை மட்டுமன்று, பல பதிப்புகளைத் தாண்டி வரவேண்டியிருக்கும். ஆகவே நிரல் தொடங்கும்போதே வழங்கியிடம் பதிப்பைக் கேட்டு, பழையதாயின் பணியைத் தொடர மறுப்பது பாதுகாப்பான வடிவமைப்பாகும்.

தமிழ் எழுத்துருக்களும் குறியேற்றமும்

தமிழ்நாட்டு அலுவலகங்களில் இற்றைப்படுத்தல் என்பது நிரலோடு நிற்பதில்லை. எழுத்துருக் கோப்பும் விசைப்பலகை இயக்கியும் அதில் அடங்கும். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் அரசின் ஏற்பைப் பெற்றன. வானவில் போன்ற தனிக் குறியேற்ற எழுத்துருக்களும் அலுவலகங்களில் பரவலாக இருந்தன. 2010 சூன் மாதம் ஒருங்குறியைத் தரமாக அறிவித்துத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

தனிக் குறியேற்றத்தில் தட்டெழுதிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே தோன்றும். எனவே இருபது கணினிகளுள் ஒன்றில் மட்டும் எழுத்துரு விடுபட்டாலும், அக்கணினியில் அச்சிடப்படும் சான்று பயனற்றதாகிவிடும். இதைப் போன்றதே ரூபாய்க் குறியீடும். 15 சூலை 2010 அன்று இந்திய அரசு ஏற்ற இக்குறியீடு அதே ஆண்டு ஒருங்குறியின் 6.0 பதிப்பில் இடம்பெற்றது. விண்டோஸ் 7இல் அது தெரிவதற்குத் தனி இற்றைப்படுத்தல் வெளியிடப்பட்டது. அதைப் பெறாத கணினிகளில் வெற்றுக் கட்டமே தெரிந்தது.

பாதுகாப்பு

எல்லாக் கணினிகளிலும் கோப்பை மாற்றவல்ல வழங்கி, தீயோர் கையில் சிக்கினால் எல்லாக் கணினிகளையும் கெடுக்கவல்லது. 27 சூன் 2017 அன்று உக்ரைனில் தொடங்கிப் பரவிய நாட்பெட்யா தீநிரல், அந்நாட்டின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் இற்றைப்படுத்தல் வழியாகவே நுழைந்தது. எனவே கோப்புகள் மின்னொப்பம் இடப்பட்டே வெளியாகவேண்டும். பெறும் கணினி அவ்வொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே நிறுவவேண்டும். நாள்தோறும் பணிபுரியும் பயனருக்கு மேலாளர் உரிமை தராமல், நிறுவும் உரிமையை இற்றைப்படுத்தல் சேவைக்கு மட்டும் தருவது நல்ல வழக்கம்.

அறியப்பட்ட தோல்விகள்

* வான்னாகிரை, 2017: விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கான திருத்தம் 14 மார்ச்சு 2017 அன்றே வெளியாகியிருந்தது. 12 மே 2017 அன்று பரவிய இத்தீநிரல், ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்புகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதிப்படைந்தது. திருத்தம் இருந்தும் இரண்டு மாதங்களாகக் கணினிகளுக்குச் சென்றுசேராமையே பெரும்பாலான பாதிப்புக்குக் காரணம்.
* நைட் கேப்பிடல், 2012: அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான இதன் எட்டு வழங்கிகளுள் ஏழில் மட்டும் புதிய நிரல் சேர்க்கப்பட்டது. விடுபட்ட எட்டாவது வழங்கியில் பழைய நிரல் எழுந்து இயங்க, 1 ஆகத்து 2012 அன்று ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு ஏற்பட்டது.
* கிரவுட்ஸ்டிரைக், 2024: 19 சூலை 2024 அன்று இப்பாதுகாப்பு மென்பொருளின் பழுதான கோப்பு ஒன்று குழுக் குழுவாக அன்றி ஒரே வேளையில் உலகெங்கும் அனுப்பப்பட்டது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்ட போதிலும், மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள் முடங்கின. முடங்கிய கணினியை வலையமைப்பு வழியே அடைய இயலாமையால், பலவற்றை ஒவ்வொன்றாக நேரில் சென்று சீர்செய்ய நேர்ந்தது.

முதலாவது தாமதத்தால் வந்தது. இரண்டாவது விடுபட்டமையால் வந்தது. மூன்றாவது அவசரத்தால் வந்தது. இம்மூன்றுக்கும் இடையில் சமன் காண்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

வலைச்செயலிகள்

மென்பொருளை நடுவண் வழங்கியில் மட்டும் வைத்து, அலுவலகக் கணினிகள் உலாவி வழியாக அணுகும் முறை பிற்காலத்தில் பரவியது. 12 பெப்ரவரி 2018 அன்று தொடங்கப்பட்ட ஸ்டார் 2.0 இவ்வகையைச் சேர்ந்தது. அப்போது ஏறத்தாழ 575 சார்பதிவாளர் அலுவலகங்கள் ஒரே நடுவண் அமைப்பின்கீழ் வந்தன. இதில் கட்டண மாற்றத்தை ஓரிடத்தில் செய்தால் போதும். விழுப்புரத்தில் ஒரு தொகையும் திண்டிவனத்தில் வேறொரு தொகையும் வரும் வாய்ப்பு நீங்குகிறது. அதே வேளை நடுவண் வழங்கி நின்றால் எல்லா அலுவலகங்களும் ஒருசேர நிற்கும். பிழையான மாற்றம் நேர்ந்தால் அதுவும் எங்கும் ஒருசேரப் பரவும்.

மேலும், வலைச்செயலியால் கணினிகளை இற்றைப்படுத்தும் வேலை முற்றிலும் ஒழிவதில்லை. உலாவி, இயங்குதளம், விரல்ரேகைப் பொறி, ஒளிப்படக்கருவி, வருடி ஆகியவற்றின் இயக்கிகள் ஒவ்வொரு கணினியிலும் இருந்தேயாக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 8 ஏப்ரல் 2014 அன்றும், விண்டோஸ் 7க்கு 14 சனவரி 2020 அன்றும், விண்டோஸ் 10க்கு 14 அக்டோபர் 2025 அன்றும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. ஆகவே கணக்கெடுப்பு, முன்னோட்டம், சரிபார்ப்பு ஆகிய படிநிலைகள் வலைச்செயலிக் காலத்திலும் தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* கணினி வலையமைப்பு
* வழங்கி
* இயங்குதளம்
* பாஸ் லினக்ஸ்
* தமிழ்99
* ஒருங்குறி
* விழுப்புரம் மாவட்டம்
* திண்டிவனம்